காயாத கடல்

பல் துலக்கும்போது பேஸ்ட் மூடி இளமாறனுக்கு எண்ணெய்ப் பீப்பாயாகத் தெரிந்தது. கழுவி ஜன்னல் விளிம்பில் வைத்தான். அங்கே ஏற்கெனவே ஒரு வரிசைப் பீப்பாய்கள் காய்ந்துகொண்டிருந்தன.

கொஞ்ச காலமாகவே அவன் கண் அப்படி ஆகிவிட்டது. முட்டை அட்டையைக் கண்டால் கருங்கல் சுவர். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இழுத்துப் பிரித்தால் முள்வேலி. தேங்காய் நார் புதர். மாத்திரை தீர்ந்த அட்டைக்குச் சாம்பல் நிறம் அடித்தால் பதுங்குகுழியின் கூரை. டீ வடிகட்டிய தூளை அவன் கொட்டுவதே இல்லை. செம்பாக்கத்தில் அவன் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடியில் பழைய பேப்பர் விரித்துக் காயவைப்பான். பசை தடவிய அட்டைமேல் அதைத் தூவினால் அசல் மண் தோற்றுவிடும். துணி உலர்த்த வந்த ஹவுஸ் ஓனர் அம்மா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, காயவெச்சு மறுபடி போட்டா டீ கலர் வருதா?” என்று அக்கறையாகக் கேட்டாள். “இல்லம்மா, இது விளையாட்டுக்கு” என்றான். அந்த அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஒரு டப்பா சாம்பார் மாடிக்கு வந்தது.

விளையாட்டை அவனுக்குப் பழக்கியவன் ஹேமநாத். ஓஎம்ஆரில் ஒரே ஆபீஸ், பக்கத்து பக்கத்து சீட். மேடவாக்கத்தில் அவன் ஃப்ளாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் சாப்பாட்டு மேஜை முழுக்க யுத்தம் நடக்கும். கட்டைவிரல் உயரத்துக்குச் சிப்பாய் பொம்மைகள். டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். பொம்மைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, ஒவ்வொன்றுக்கும் கண்புருவம் வரைக்கும் பெயிண்ட் அடித்து வைத்திருந்தான் ஹேமநாத். ஆனால் அவர்கள் சண்டை போடுவதற்கு மண் இல்லை. டிக்‌ஷனரிதான் மலை, டிஃபன் பாக்ஸ்தான் கோட்டை. பார்க்கச் சகிக்காமல் இளமாறன் ஒரு மிக்ஸிப் பெட்டி தெர்மாகோலில் குன்று ஒன்று செதுக்கிக்கொண்டு போனான். ஹேமநாத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அன்றோடு வேலை பிரிந்துவிட்டது. ஆட்கள் ஹேமநாத்துடையவர்கள், நிலம் இளமாறனுடையது.

நிலம் செய்வதற்குக் காசு செலவழிப்பதில்லை என்று இளமாறனுக்கு ஒரு பிடிவாதம். வீட்டில் கிடைப்பதில் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தாம்பரம் சண்முகம் ரோட்டுக் கடைகளில் கேட்டு வாங்க வேண்டும். பசை ஒன்றுதான் வாங்குவான், மரவேலைக்காரர்கள் பூசும் வெள்ளைப் பசை. மெல்லிசாக ஊற்றினால் அது கண்ணாடி மாதிரி காயும்.

“அடுத்தது பீச்டா மச்சான்” என்றான் ஹேமநாத் ஒருநாள். “கடல்லேர்ந்து படை வந்து எறங்குது. கரையில ஒருத்தன் தடுக்கறான். நீ கடற்கரைக்காரன், உனக்குச் சொல்லவா வேணும்?”

இளமாறன் முடியாது என்று சொல்லலாம்தான். சொன்னால் ஏன் என்று கேட்பான். அதற்குப் பதில் சொல்வதைவிடக் கடலைச் செய்வது சுலபம் என்று தோன்றியது.

கோவளத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம் அவன் ஊர். அப்பா அவன் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா முத்தாலம்மாளும் அண்ணனும்தான் அவனை வளர்த்தார்கள். அண்ணனுக்குப் பெயர் சின்னதம்பி. “அண்ணன் பேரு சின்னதம்பி, தம்பி இன்னாடா ஆவான்?” என்று குப்பத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். இவன் இன்ஜினியரிங் படித்ததெல்லாம் அண்ணன் இழுத்த வலையில் வந்தது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மார்கழி விடியலில், சின்னதம்பியும் கூட்டாளி பாலுவும் போன ஃபைபர் போட்டை அலை புரட்டிவிட்டது. பாலுவை இன்னொரு போட்டுக்காரர்கள் தூக்கினார்கள். சின்னதம்பி கிடைக்கவில்லை. இளமாறன் அப்போது ஆபீஸ் வேலையாகப் புனேயில் இருந்தான். வந்து சேர்ந்தபோது கரையில் நின்று பார்ப்பதற்குக்கூட எதுவும் இல்லை. அலை மட்டும் அதன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அவனால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்க முடியவில்லை. கடல் கேட்காத தூரத்தில் வீடு தேடினான். செம்பாக்கத்தில் ஏரி இருந்தது. ஏரி சத்தம் போடுவதில்லை.

அம்மா அதை மன்னிக்கவில்லை. ஒருநாள்கூட இந்த வீட்டுக்கு வந்ததில்லை. வருகிறவள் அண்ணி துர்காதான். செம்பாக்கம் மெயின் ரோட்டில் சனிக்கிழமை மீன் விற்றுவிட்டு, ஒரு கூறு மீனை எடுத்துக்கொண்டு மாடியேறுவாள்.

கடலுக்கு அகலமான, கெட்டியான தெர்மாகோல் ஒன்று தேவைப்பட்டது. மிக்ஸிப் பெட்டியில் வருவது மெல்லிசு, கத்தி பட்டால் உதிரும். மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் பெட்டியின் தெர்மாகோல்தான் சரி என்று துர்காவிடம் கேட்டான்.

“அண்ணி, ஒடஞ்ச ஐஸ் பெட்டி எதுனா கெடக்குதா?”

துர்கா கத்தியைத் துடைத்துக்கொண்டே, “எதுக்கு?” என்றாள். அலமாரியில் இருந்த குன்றுகளையும் இடிந்த வீடுகளையும் காட்டினான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அறுத்துக் கிறுத்து ஒட்டிடுவியா? அப்பறம் முன்ன இன்னாவா இருந்துச்சினு தெரியாதா?”

“தெரியவே தெரியாது.”

அடுத்த சனிக்கிழமை கோணிப்பையில் சுற்றி ஒரு பெட்டி மூடியைக் கொண்டுவந்தாள். பெரிய மூடி. இரண்டு விரல் கனம். “எடுத்துக்கோ. திருப்பிக் கேக்க மாட்டேன். உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லாத” என்றாள். டீ கூடக் குடிக்காமல் இறங்கிப் போனாள்.

மூடியின் ஓரங்கள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. அடியில் சிறு சிறு வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தன, சிப்பிப் பூச்சி பிடித்த தடம். தண்ணீரில் வெகுநாள் கிடந்த பொருள் என்பது மீனவன் மகனுக்குப் பார்த்ததும் தெரியும். போட்டில் கிடந்ததாக்கும் என்று நினைத்துக்கொண்டு பிளேடால் சுரண்டி எடுத்தான்.

கரையைச் செய்ய அதிக நாள் ஆகவில்லை. மூடியில் பாதிக்கு டீத்தூள் மணல். முட்டை அட்டைச் சுவர், மாத்திரை அட்டைப் பதுங்குகுழி, கம்பி நார் முள்வேலி, துடைப்ப ஈர்க்குச்சியில் ஓலை ஒட்டிய மரங்கள். மறுபாதியில் அடிக்கு நீலமும் பச்சையும் பூசி, மேலே பசையை ஊற்றினான். காயக் காய இன்னொரு பூச்சு. அலை நுரைக்குத் தலையணைப் பஞ்சு.

கடல் காய்ந்தது. வெள்ளையாக இருந்த பசை மெல்ல மெல்லத் தெளிந்து அடியில் நீலம் தெரிந்தது. ஒரே ஓர் இடத்தைத் தவிர. கரையிலிருந்து தள்ளி, மூடியின் விளிம்புக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பசை பால் மாதிரி வெள்ளையாகவே நின்றது. தொட்டால் விரலில் ஒட்டவில்லை. ஈரமாக மட்டும் இருந்தது.

வெயிலில் வைத்தான். சித்திரை வெயிலில் பக்கத்தில் கிடந்த தக்காளி வற்றல் சருகாகிவிட்டது. அந்த இடம் அப்படியே இருந்தது. துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினான். சுற்றிலும் காய்ந்தது, அது காயவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் முந்தின நாளைவிட ஈரம் கூடியிருந்த மாதிரி தெரியும். அறையில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. பசை வாடை இல்லை. கரையில் நனைந்த வலையைக் குவித்துப் போட்டால் வருமே, அந்த வாடை. இளமாறன் ஜன்னலைத் திறந்து வைத்தான். ஏரிப் பக்கத்துக் காற்று உள்ளே வந்தது. வாடை போகவில்லை.

ஹேமநாத் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பார்க்க வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

“மச்சான், செமடா! நெஜமாவே தண்ணி அசையற மாதிரி இருக்கு.” குனிந்து பார்த்தவன் அந்த இடத்தைத் தொட்டான். “இங்க காயலையே. மொத்தமா ஊத்திட்ட.”

“எல்லா எடத்துலயும் ஒரே மாதிரிதான் ஊத்தினேன்.”

“பரவால்ல விடு, அதுவும் நல்லதுக்குத்தான்.” பையிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்தான். தலைக்கு மேலே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நீந்தி வருகிற மாதிரி செய்த பொம்மை. அந்த வெள்ளையில் இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும்படி ஊன்றினான். “காஞ்சா அப்படியே புடிச்சுக்கும். நாளைக்கு எடுத்துட்டு வா, ஆடிடலாம்.”

மறுநாள் காலை சிப்பாய் இல்லை.

இளமாறன் மேஜைக்கு அடியில் தேடினான். கட்டிலுக்கு அடியில் தேடினான். எலி இழுத்திருக்குமோ என்று அடுப்படி மூலையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தான். கடைசியில் மூடிக்கு முன்னால் வந்து நின்றான். பசைக்குள் சாய்ந்திருக்கும், வேறு எங்கே போகும்? துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி அந்த வெள்ளையில் விட்டுத் துழாவினான். குச்சி இறங்கியது. தட்டும் தட்டும் என்று பார்த்தான், தட்டவில்லை. அடியில் ஏதோ இழுக்கிற மாதிரி குச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெடுக்கென்று வெளியே எடுத்தான்.

ஒரு சாண் நீளத்துக்கு ஈரம்.

மூடியின் கனம் இரண்டு விரல். அவன் அதைத் தூக்கிப் பிடித்து அடியைப் பார்த்தான். உலர்ந்து வெள்ளையாக இருந்தது. ஓட்டை இல்லை, விரிசல் இல்லை, கசிவு இல்லை. கீழே இருந்த மேஜையும் உலர்ந்திருந்தது. பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்த காலை நேரம். தெருவில் தண்ணீர் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தது. இளமாறன் மூடியைக் கீழே வைத்தான். தனக்கு உடம்பு சரியில்லை என்று ஹேமநாத்துக்கு ஒரு மெசேஜ் போட்டான். பிறகு துர்காவைக் கூப்பிட்டான்.

“அண்ணி, அந்த மூடி எங்க இருந்துச்சி?”

“வரேன்” என்று போனை வைத்தாள்.

வந்தவள் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள்.

“போட்டு கவுந்தப்போ உங்கண்ணன் அந்த மூடியப் புடிச்சிகினு மெதந்ததா பாலு சொன்னாரு. கொஞ்ச நேரம் தலை தெரிஞ்சிதாம். அப்பால தெரியல. ரொம்ப நாள் கயிச்சி மூடி மட்டும் நம்ம குப்பத்துக்கே வந்து ஒதுங்குச்சி.”

“எனக்கு யாரும் சொல்லலியே.”

“நீ யாருகிட்ட கேட்ட? வந்த, நாலு நாள் இருந்த, பூட்ட.” குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. “உங்கம்மா இன்னா சொல்லுது தெரியுமா? மூடிய உட்டுட்டான்னா கரையேறிட்டான்னு அர்த்தமாம். எவனாவது கப்பல்காரன் தூக்கினு போயிருப்பானாம். ஏதோ தேசத்துல ஜெயில்ல கீறானாம். அவன் லுங்கியில சுத்தி மூடிய மூலையில வெச்சிகினு, தெனம் அது எதிர்ல ஒரு தட்டு சோறு. காரியம் செய்ய உடல. நான் பூ வைக்கலன்னா சண்ட. என்னால முடியல இளமாறா. நான் அழுவணும். எனக்கு ஒரு தபா வாய் உட்டு அழுவணும். அழுதா ‘உசுரோட இருக்கறவனுக்கு ஏண்டி ஒப்பாரி வெக்கிற’ன்னுது. அதான் தூக்கினு வந்தேன். நீ அறுத்து ஒட்டிட்டா இல்லாம பூடும்னு நெனச்சேன்.”

இளமாறன் மூடியைக் காட்டினான். ஈர்க்குச்சியைப் பற்றிச் சொன்னான். அவள் நம்பாமல் பார்க்கவும் இல்லை, பயந்து விலகவும் இல்லை. கிட்டே போய் அந்த வெள்ளையில் விரல் வைத்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

“கரிக்குது” என்றாள்.

அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து, மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கீழ்வீட்டு அம்மா பயந்துபோய் மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகும் அளவுக்கு அழுதாள். இளமாறன் பக்கத்தில் நின்றான்.

அங்கே மூடி காணாமல் போன நாளிலிருந்து முத்தாலம்மாள் குப்பத்தையே புரட்டிக்கொண்டிருந்தாள். பாலு வீட்டில் போய் நின்று கத்தியிருக்கிறாள். துர்காவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டாள். அடுத்த நாளே முத்தாலம்மாள் செம்பாக்கத்துக்கு வந்தாள். முதல் தடவையாக மகன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவள் வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராக மேஜைக்குப் போனாள்.

பின்னால் வந்த துர்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

முத்தாலம்மாள் குனிந்து கடலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், முள்வேலியைப் பார்த்தாள். அவள் திட்டப்போகிறாள் என்று இளமாறன் காத்திருந்தான். அவள் திட்டவில்லை. ரகசியம் கேட்பவள் போலக் குரலைத் தாழ்த்தினாள்.

“இது எந்த ஊரு கரைடா?”

“எந்த ஊரும் இல்லம்மா. விளையாட்டுக்கு.”

“நம்ம கரை இல்ல. நம்ம கரையில இப்டி மரம் கெடையாது. வேலி போட்டு கீது. பட்டாளக்காரன் கூண்டு கீது.” அவள் விரல் பதுங்குகுழியின் மேல் நின்றது. “மூடி உங்கிட்ட வந்து காட்டிக் குடுத்திருக்குது. அவன் இங்கதான் ஒதுங்கி கீறானா? புடிச்சி வெச்சிகினு கீறானுங்களா? சொல்லுடா. இது எந்த தேசம்?”

ஏதாவது ஒரு தேசத்தின் பேரைச் சொன்னால் போதும் என்று இளமாறனுக்குப் புரிந்தது. அவள் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு இருக்கிற நாளை ஓட்டிவிடுவாள். நாக்கு நுனி வரைக்கும் ஒன்று வந்தது. வாசலில் நின்ற துர்கா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மேஜைக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். ஒரு மரத்தைப் பிடுங்கி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான்.

“தொடப்பக் குச்சிம்மா இது.”

சுவரைப் பிய்த்தான். “இது முட்டை வாங்குன அட்ட. மளிகைக் கடையில குடுத்தது.” பதுங்குகுழியின் கூரையை எடுத்தான். “இது எனக்குத் தலைவலி வந்தப்போ போட்ட மாத்திர. தோ, அந்த வேலி, நீ பாத்திரம் தேய்ப்பியே, அந்த நாரு.” ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் கொடுத்தான். கை நிறைந்ததும் முந்தானையில் போட்டான். “இது மணலு இல்லம்மா. டீத்தூளு. மோந்து பாரு. இது தலகாணிப் பஞ்சு.” கத்தியால் டீத்தூளைச் சுரண்டினான். “நான் செஞ்சேன்மா எல்லாத்தையும். இங்க உக்காந்து நாந்தான் செஞ்சேன். இங்க யாரும் ஒதுங்க முடியாது. இப்டி ஒரு கரையே கெடையாதும்மா.”

கடைசியில் பாதி மூடி பழைய வெள்ளைத் தெர்மாகோலாக வெளியே வந்தது. மறுபாதியில் அந்தக் கடலும் காயாத இடமும் மட்டும் மிஞ்சின. முத்தாலம்மாள் மடியில் குவிந்து கிடந்த குப்பையைப் பார்த்தாள். ஈர்க்குச்சி மரத்தை எடுத்து மூக்கருகில் வைத்து முகர்ந்தாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, கையை விரித்து அந்த ஈரத்தின் மேல் வைத்தாள். கை கொஞ்சம் அமிழ்ந்த மாதிரி இளமாறனுக்குத் தெரிந்தது. அவள் எடுக்கவில்லை. காய்ச்சல் குழந்தையின் நெற்றியில் வைத்த கை மாதிரி அது அங்கேயே இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

“ஜில்லுனு கீது” என்றாள். அப்புறம் இளமாறனைத் திரும்பிப் பார்த்தாள். “வூடு செய்யற, மரம் செய்யற. ஆளு செய்வியாடா நீ?”

அவனுக்கு முதலில் புரியவில்லை. துர்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கடலில் போய் உடம்பு கிடைக்காதவனுக்கு ஓர் உருவம் செய்து, அதற்குத்தான் காரியம் செய்வார்கள். முத்தாலம்மாள் இத்தனை நாள் வேண்டாம் என்று சொல்லிவந்தது அதைத்தான்.

உருவத்தைக் காரியம் செய்கிறவரே தர்ப்பையில் முடைந்துவிடுவார். இவள் சம்மதிக்கவில்லை. “தம்பி கையால செய்யட்டும்” என்றாள்.

அன்று மூன்று பேரும் அந்த அறையில் உட்கார்ந்தார்கள். இளமாறன் பழக்கதோஷத்தில் ஒரு கம்பியைக் கட்டைவிரல் உயரத்துக்கு வளைத்தான். “இம்மாந்துண்டா?” என்றாள் அம்மா. “எவ்ளோ ஒசரம் அவன். பெருசா செய்யி.” முழங்கை நீளத்துக்குத் துடைப்பக் குச்சிகளைக் கட்டாகச் சேர்த்தான். தேங்காய் நாரைச் சுற்றி உடம்பாக்கினான். தோளை அகலமாக வைத்தபோது துர்கா, “எடது தோள் கொஞ்சம் எறக்கமா இருக்கும்” என்றாள். இறக்கினான். மூடியைத் திரும்பச் சுற்றி எடுத்துப்போக அவள் கோணிப்பையில் கொண்டுவந்திருந்த அண்ணனின் லுங்கியில் ஒரு முழம் கிழித்துக் கட்டினார்கள். கடைசியில் உருண்டையாகத் துணி சுற்றித் தலை வைத்தான். பிரஷ்ஷை எடுத்தான். பொம்மைகளுக்கு ஹேமநாத் முகம் எழுதுவதை எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். இப்போது பிரஷ்ஷில் கறுப்பு சொட்டியதே தவிரக் கை இறங்கவில்லை. அண்ணனின் கண் எப்படி இருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு மட்டும் நினைவுக்கு வந்தது. கண் வரவே இல்லை.

“மூஞ்சி வேணாம்” என்றாள் முத்தாலம்மாள். பிரஷ்ஷை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். “மூஞ்சி வெச்சா போவமாட்டான்.”

அமாவாசை அன்று கரையில் காரியம் நடந்தது. ஒதுங்கிய மூடியைக் கடலுக்கே திருப்பிவிடச் சொன்னார் காரியம் செய்கிறவர். உருவத்தை அதன்மேல் படுக்கவைத்தார்கள். துர்காவின் தாலியை வாங்குவதற்கு நாலைந்து பெண்கள் சூழ்ந்து வந்தபோது முத்தாலம்மாள் குறுக்கே போய் நின்றாள். “யாரும் அவ மேல கை வெக்காதீங்க. அவ இஷ்டம்.” துர்கா தானே கயிற்றைக் கழற்றி, முகமில்லாத அந்த உருவத்தின் கழுத்தில் கட்டினாள்.

பாலுவின் போட்டில் இளமாறனும் ஏறினான். வருடங்கள் கழித்துக் கடல் காலில் பட்டது. அலை உடையும் இடத்தைத் தாண்டிப்போய் எஞ்சினை நிறுத்தினார்கள். மூடியை இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விட்டான். அன்றைக்கு நீரோட்டம் தெற்கே இழுத்தது, போட்டு தெற்கே நகர்ந்துகொண்டே இருந்தது. மூடி நகரவில்லை. நங்கூரம் போட்ட மாதிரி விட்ட இடத்திலேயே நின்றது. அதைச் சுற்றி மட்டும் தண்ணீர் பால் நிறத்தில் இருந்தது.

பாலு அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பாக்காத தம்பி” என்றார். “அங்கதான். அன்னிக்கும் அங்கதான்.” எஞ்சினை உதைத்துக் கரைப் பக்கம் திருப்பினார். இளமாறனுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது, பார்த்தால் யாரோ கை தூக்கிக் கூப்பிட்டுவிடுவார்கள் போலவும் இருந்தது. அவன் கரையையே பார்த்துக்கொண்டு வந்தான். அங்கே துர்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று, வாய்விட்டு, அலையை மீறிக் கேட்கும்படி அழுதுகொண்டிருந்தாள். முத்தாலம்மாள் அவளைத் தடுக்கவில்லை. பின்னால் நின்று அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அலை இழுத்துவிடாமல்.

மூடி மறுபடி எந்தக் கரையிலும் ஒதுங்கியதாகத் தகவல் இல்லை.

ஹேமநாத்திடம் கடல் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னான். சிப்பாய் காணாமல் போனதற்கு அவன் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தான், பிறகு பாலைவனச் சண்டைக்குத் திட்டம் போட ஆரம்பித்தான். இளமாறன் அதற்கு ரவை வறுத்துப் பார்த்தான். மணல் நன்றாகத்தான் வந்தது. ஆனால் எந்த நிலத்தைச் செய்து முடித்தாலும், கொடுப்பதற்கு முன்னால் உள்ளங்கையால் முழுக்கத் தடவிப் பார்ப்பான். எங்காவது ஈரம் இருக்கிறதா என்று. இந்தப் பழக்கம் அவனை விடவில்லை.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குப்பத்துக்குப் போனபோது வீட்டில் கானாங்கெளுத்திக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசலில் அப்படி ஒரு மணம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கானாங்கெளுத்தி வாடை என்றாலே சின்னதம்பிக்கு ஆகாது. சட்டியோடு கொண்டுபோய் வெளியே வைத்துவிடுவான். அவன் வருவான், வருவான் என்று இத்தனை வருடமும் அந்த மீன் இந்த வீட்டு அடுப்பில் ஏறியதே இல்லை.

துர்கா மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள். முத்தாலம்மாள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள்.

“முள்ளு கீது, பாத்துத் துன்னு” என்றாள் இளமாறனிடம்.